27 பேர் கொண்ட மாதர் சங்கத்தின் குரல் ஜெனீவா வரை போகுமா?

அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவில் பக்கத்து மாதர் சங்கம் ஒன்றின் செயலாளராக இருக்கும் சகோதரி கேட்டிருப்பது இது: சங்கத்தில் 27 பேர். அனேகமாக எல்லோர் தலையிலும் நுண்கடன். மூன்று பேரின் வீட்டில், கணவர் இறந்த பிறகு பேர்மிட் காணி (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி) மூத்த மகன் பெயருக்குப் போய்விட்டது. ஆங்கிலம் எழுதத் தெரிந்தவர் இல்லை, வெளிநாட்டு நிதியும் இல்லை. ஐ.நா.வில் இலங்கையைக் கேள்வி கேட்கும்போது இவற்றையும் சொல்ல வழியிருக்கிறதா, அதற்கு ஜெனீவாவுக்குப் போக வேண்டுமா? இதுதான் எழுத்தில் உள்ள கேள்வி. அதற்குள் எழுதாத கேள்வி ஒன்றும் இருக்கிறது: எங்களைப் போன்றவர்கள் எழுதினால் யாராவது வாசிப்பார்களா, வாசித்தால் ஏதாவது நடக்குமா? முதல் கேள்விக்கு ஒரு வரி போதும். வழி இருக்கிறது, போக வேண்டியதில்லை. இரண்டாவதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் மட்டக்களப்பில் 18 வருடமாகப் பெண்கள் அமைப்புகளோடு ஆவணப்படுத்தும் வேலை செய்கிறவள். அரசின் அறிக்கைக்குப் பக்கத்தில் மக்கள் அமைப்புகள் தாமாக ஐ.நா. குழுக்களுக்கு அனுப்பும் நிழல் அறிக்கைகள் நான்கில் கை வைத்திருக்கிறேன், ஒரு தடவை ஜெனீவாவுக்கும் போயிருக்கிறேன். வழக்கறிஞர் அல்ல. ஆகவே உங்கள் மூன்று காணிகளுக்கும் சட்ட ஆலோசனையாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். எங்கள் பக்கத்தில் 'ஜெனீவா' என்றால் மார்ச்சிலும் செப்டெம்பரிலும் பத்திரிகையில் வரும் தீர்மானம்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. அது மனித உரிமைப் பேரவை. அங்கே இருப்பவர்கள் அரசுகள், அங்கே நடப்பது அரசியல். அதே பேரவையின் கீழ் ஏறக்குறைய நாலரை வருடத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு நாட்டையும் மற்ற நாடுகள் கேள்வி கேட்கும் உலகளாவிய காலமுறை மீளாய்வு இருக்கிறது. இலங்கைக்கு அது 2008, 2012, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் நடந்தது. மூன்றாவது கதவு ஒப்பந்தக் குழுக்கள். ஒரு நாடு கையெழுத்திட்டு ஏற்றுக்கொண்ட சமவாயத்தை அது எப்படி நடைமுறைப்படுத்துகிறது என்று பார்க்கும் நிபுணர்கள் இவர்கள். தங்கள் அரசின் பிரதிநிதிகளாக அல்லாமல் தனிப்பட்ட தகுதியில் அமர்பவர்கள். உங்கள் விடயத்துக்கு நான் இந்த மூன்றாவது கதவைத்தான் சொல்வேன். காரணம் எளிது: பேரவையில் பேசுவதற்கு ஐ.நா.வின் ஆலோசனை அந்தஸ்துப் பெற்ற அமைப்பின் தயவு வேண்டும். ஒப்பந்தக் குழுவுக்கு எழுத அந்த அந்தஸ்து எதுவும் தேவையில்லை. உங்கள் 27 பேரின் சங்கமே எழுதலாம்.

இலங்கை 1981இல் சீடோ எனப்படும் பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. அதைக் கண்காணிக்கும் குழுவில் 23 பேர். அந்தச் சமவாயத்தின் 14ஆவது உறுப்புரையை யாரிடமாவது கேட்டு ஒரு தடவை தமிழில் வாசித்துப் பாருங்கள். கிராமத்துப் பெண்களுக்காகவே எழுதப்பட்டது அது. விவசாயக் கடன் பெறும் உரிமை, காணிச் சீர்திருத்தத்தில் சமமாக நடத்தப்படும் உரிமை இரண்டும் அதில் ஒரே மூச்சில் வருகின்றன. உங்கள் இரண்டு பிரச்சினைகளும் ஒரே உறுப்புரையில் இருப்பது நீங்கள் எதிர்பாராத வசதி.

வசதியில்லாத செய்தியும் உண்டு. இந்தக் குழு இலங்கையை 2017இல் மீளாய்வு செய்தது, பிறகு 2025 பெப்ரவரியில் செய்தது. அதாவது பஸ் இப்போதுதான் புறப்பட்டுப் போயிருக்கிறது. அடுத்த முழு மீளாய்வுக்குச் சில வருடங்கள் ஆகும். ஐ.நா.வின் பணத் தட்டுப்பாட்டால் குழுக்களின் அமர்வுகளே வெட்டப்பட்டும் தள்ளிப்போடப்பட்டும் வருவதால் அது இன்னும் பிந்தவும் கூடும். ஆனால் இடைவெளியில் வேலை இல்லை என்று அர்த்தமில்லை. தன் பரிந்துரைகளில் சிலவற்றைப் பொறுக்கி, இரண்டு வருடத்துக்குள் என்ன செய்தாய் என்று அரசிடம் கேட்கும் வழக்கம் இந்தக் குழுவுக்கு உண்டு. அப்போது எங்களைப் போன்றவர்களும் எழுதலாம். அடுத்த சுற்றுக்கு முன்னதாக அரசுக்கு ஒரு கேள்விப் பட்டியல் போகும். அந்தப் பட்டியல் தயாராகும் நேரம்தான் மிகப் பெறுமதியான நேரம் என்பது என் அனுபவம். அறிக்கைக்காகக் காத்திருப்பவர்கள் இதைத் தவற விடுகிறார்கள். பட்டியலில் உங்கள் விடயம் ஒரு கேள்வியாக ஏறிவிட்டால் அரசு எழுத்தில் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஏறாவிட்டால், பிறகு நாற்பது பக்கம் எழுதினாலும் அது கூட்டத்தில் ஒரு காகிதம்.

ஒழுங்கு இப்படித்தான் போகும்: கேள்விப் பட்டியல், அரசின் அறிக்கை, எங்கள் நிழல் அறிக்கை, பிறகு அரசின் தூதுக்குழுவோடு குழு நடத்தும் நேருக்கு நேரான அமர்வு, கடைசியாகக் குழுவின் பரிந்துரைகள் அடங்கிய இறுதி அவதானிப்புகள். எல்லாக் குழுக்களிலும் கிட்டத்தட்ட இதே வரிசைதான். குடியியல், அரசியல் உரிமைகள் குழு இலங்கையை 2023 மார்ச்சில் பார்த்தது, காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய குழு 2025இல் முதல் தடவையாகப் பார்த்தது. உங்கள் சங்கத்தில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரும் இருந்தால் அவர்களுக்கு வேறொரு கதவு இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி எழுதும் வேலை. பல வருடங்களுக்கு முன்னர் வாகரைப் பக்கத்தில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கணவரை இழந்த பெண். வெள்ளத்துக்குப் பயந்து முக்கியமான காகிதங்களை எல்லாம் ஒரு பொலித்தீன் பையில் போட்டு கூரை வளையில் தொங்கவிட்டிருந்தார். 'கடனைப் பற்றிச் சொல்லுங்கள் அக்கா' என்றேன். அரை மணித்தியாலம் அழுதார். அழுது முடிந்ததும் பையை இறக்கினார். உள்ளே மூன்று நிறுவனங்களின் அட்டைகள், ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் காசு வாங்க வந்தவரின் சுருக்கக் கையெழுத்து. ஒரு அட்டையை எடுத்து சி.ஆர். கொப்பியில் கணக்குப் போட்டோம். எடுத்தது 40,000 ரூபாய். கிழமைக்கு 1,100 வீதம் 52 கிழமை. கட்டியது 57,200. மேலோட்டமாகப் பார்த்தால் வட்டி 43 வீதம். ஆனால் முதல் குறையக் குறைய வட்டி குறைக்கப்படவில்லை. வங்கிக்காரர் போடும் முறையில் போட்டால் வருட வீதம் 75ஐ நெருங்குகிறது. அட்டையின் எந்த மூலையிலும் வட்டி வீதம் என்று ஒரு எண் இல்லை. இரண்டாவது அட்டை தொடங்கிய திகதி, முதல் அட்டையில் தவணை தவறத் தொடங்கிய கிழமைக்கு அடுத்த கிழமை. மூன்றாவதும் அப்படியே. கடனை அடைக்கக் கடன் என்று நாங்கள் வாயால் சொல்வதை அந்த மூன்று திகதிகள் ஒரு வார்த்தையும் இல்லாமல் சொல்லிவிட்டன.

அந்த அரை மணித்தியால அழுகை பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அறிக்கைக்குப் போனது அட்டைதான். கொழும்பில் எழுதப்படும் அறிக்கைகளில் 'கிராமியப் பெண்கள் நுண்கடனால் கடுமையாகப் பாதிக்கப்படுகிறார்கள்' என்ற வசனம் எப்படியும் இருக்கும். அதை எழுத உங்கள் சங்கம் தேவையில்லை. அட்டை உங்களிடம்தான் இருக்கிறது. ஆகவே 27 பேருக்கும் ஒரு கொப்பி போடுங்கள்: எடுத்த தொகை, திகதி, எத்தனை தவணை, இதுவரை கட்டியது, எதற்காக எடுத்தது, வட்டி வீதம் எழுத்தில் தரப்பட்டதா இல்லையா. பெயருக்குப் பதிலாக எண் போடுங்கள். எந்த எண் யாருக்கு என்ற பட்டியல் வேறு இடத்தில், வேறு ஒருவரின் வீட்டில் இருக்கட்டும்.

அரசின் பதிலை முன்கூட்டியே யோசித்து எழுதுவது அடுத்த பழக்கம். தூதுக்குழு கட்டாயம் இரண்டு விடயங்கள் சொல்லும்: 2016இன் 6ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தோம், 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களில் நிவாரணம் அறிவித்தோம். இரண்டும் உண்மை. ஆகவே சட்டம் இல்லை என்று எழுதினால் நீங்கள் பொய் சொன்னதாகிவிடும், மீதி எல்லாமே அடிபட்டுப் போகும். உங்கள் ஊரில் வீட்டுக்கு வந்து கடன் கொடுத்த நிறுவனங்கள் எத்தனை, அவற்றில் அந்தச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்றவை எத்தனை, 27 பேரில் அந்த நிவாரணம் கிடைத்தவர்கள் எத்தனை பேர்? இந்த மூன்று எண்களும் ஒரு பந்தியில் அடங்கும். குழு உறுப்பினர் ஒருவர் அதை அப்படியே எடுத்துக் கேட்கலாம். அவர்கள் தேடுவதே அப்படியான பந்திகளைத்தான். ஒரே அமர்வில் பல நாடுகளைப் பார்ப்பவர்கள். எங்கள் 40 பக்கத்தை எழுத்தெண்ணி வாசிப்பார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கேட்பதையும் குறிப்பாகக் கேளுங்கள். 'பெண்களின் வாழ்வாதாரத்தை மேம்படுத்த வேண்டும்' என்று கேட்டால் அரசு அடுத்த நாளே ஒரு பயிற்சிப் பட்டறை நடத்திவிட்டு மேம்படுத்திவிட்டோம் என்று எழுதும். 'வருட வட்டி வீதத்தைக் கடன் அட்டையில் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும்' என்று கேட்டால், செய்தார்களா இல்லையா என்பதைப் பிறகு அட்டையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

மொழி பற்றிய பயம் நியாயமானது. குழுவுக்குப் போகும் அறிக்கை ஆங்கிலம் போன்ற ஐ.நா. மொழி ஒன்றில்தான் இருக்க வேண்டும், தமிழில் எழுதி அனுப்பிப் பயனில்லை. அதனால் தனியாக எழுதாமல் கூட்டறிக்கையில் சேர்வது நல்லது. அக்கரைப்பற்று, கல்முனைப் பக்கத்து முஸ்லிம் பெண்கள் அமைப்புகளையும் கேட்டுப் பாருங்கள். கிழமைத் தவணை வாங்க வருபவர் தமிழ் ஒழுங்கை, முஸ்லிம் ஒழுங்கை என்று பார்ப்பதில்லை. முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் பற்றி இதே குழுவுக்கு எழுதிப் பழகிய பெண்கள் அவர்களில் இருக்கிறார்கள். எங்களைவிட இந்த வேலை அவர்களுக்குத் தெரியும். மலேசியாவில் இருக்கும் ஆசிய பசிபிக் பெண்ணுரிமை அமைப்பொன்று சீடோவுக்கு எழுதுபவர்களுக்கு நீண்ட காலமாக வழிகாட்டுகிறது, கொழும்பில் கூட்டறிக்கை ஒருங்கிணைப்பவர்கள் மூலம் அதையும் அணுகலாம்.

ஆனால் கூட்டறிக்கையில் கையெழுத்து வைப்பதற்கு முன்னர் உங்கள் பந்தியை மறுபடி தமிழில் சொல்லிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு தடவை, 'தவணை கட்ட முடியாத நாளில் வீட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்தோம்' என்று ஒரு பெண் சொன்னதை மொழிபெயர்த்தவர், பொலிஸ் அறிக்கையில் குற்றவாளி தலைமறைவாகிவிட்டார் என்று எழுதும் சொல்லைப் போட்டு எழுதிவிட்டார். கெட்ட எண்ணம் எதுவுமில்லை, அவசரம்தான். நாங்கள் கூட்டமாக இருந்து ஒவ்வொரு வரியாகக் கேட்டதால் பிடிபட்டது. கூட்டறிக்கையில் இன்னொரு ஆபத்தும் உண்டு: சொல் எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கும். காலமுறை மீளாய்வில் தனி அமைப்புக்கு 2,815 சொல், கூட்டாக என்றால் 5,630. வெட்ட வேண்டி வரும்போது முதலில் வெட்டுப்படுவது கிழக்கின் கிராமம்தான். உங்களுக்கு எத்தனை வரி என்பதை ஆரம்பத்திலேயே பேசி முடிவு செய்யுங்கள். இதைச் சொல்லிக் கொழும்பில் இருக்கும் சில நண்பர்களின் கோபத்தையும் சம்பாதித்திருக்கிறேன்.

ஜெனீவாவுக்குப் போனதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெப்ரவரிக் குளிர், இரவல் மேலங்கி, ஒரு நாட்டிலிருந்து போன எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ளும் சில நிமிடங்கள். என் பங்குக்கு ஒன்றரை நிமிடம் கிடைத்தது. உண்மையில் பயன் தந்தது அந்த ஒன்றரை நிமிடம் அல்ல. இடைவேளையில் ஒரு குழு உறுப்பினர், வட்டி வீதம் அட்டையில் இல்லை என்று எழுதியிருந்தீர்களே, அட்டையைப் பார்க்கலாமா என்று கேட்டார். பிரதி கையில் இருந்தது. நான் போகாமல் அந்தப் பிரதி மட்டும் இணைப்பாகப் போயிருந்தாலும் அது நடந்திருக்கும் என்றுதான் இன்று நினைக்கிறேன். அரசுடனான அமர்வு ஐ.நா.வின் இணையத் தொலைக்காட்சியில் நேரடியாக வருகிறது. சங்கக் கட்டடத்தில் ஒரு தொலைபேசியை வைத்து, ஆங்கிலம் தெரிந்த பிள்ளை ஒருவரை அருகில் இருத்திப் பார்க்கலாம். அமைச்சின் அதிகாரி அங்கே என்ன சொன்னார் என்பதைத் திகதியோடு எழுதி வையுங்கள். ஊரில் அது உதவும்.

ஏதாவது நடக்குமா? உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு: குழு சொல்வதை உத்தரவாக எடுத்து நடைமுறைப்படுத்த இலங்கை நீதிமன்றங்கள் கட்டுப்படவில்லை. இதை நாங்கள் கிழக்கில் பட்டே அறிந்தோம். 1993இல் சுற்றிவளைப்பில் பிடிபட்டு கொம்மாதுறை முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்ட சிங்கராசா என்பவருக்கு, தனக்குத் தெரியாத சிங்கள மொழியில் எழுதப்பட்ட குற்ற ஒப்புதலை வைத்து நீண்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2004இல் மனித உரிமைக் குழு, அதாவது மேலே சொன்ன குடியியல், அரசியல் உரிமைகள் குழு, அவர் செய்த முறைப்பாட்டில் அவருக்குச் சார்பாக முடிவு சொன்னது. 2006இல் உயர் நீதிமன்றம், அப்படியான முறைப்பாடுகளுக்கு வழிவிடும் நெறிமுறையில் இலங்கை சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்று சொல்லிவிட்டது. யாராவது உங்களிடம் 'ஐ.நா. சொன்னால் அரசு செய்தே ஆக வேண்டும்' என்றால் இந்த வழக்கைச் சொல்லுங்கள்.

மறுபக்கமும் இருக்கிறது, அது உங்கள் காணிக் கதையிலேயே இருக்கிறது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில், பேர்மிட்காரர் வாரிசை நியமிக்காமல் இறந்தால் மனைவிக்குச் சீவிய உரித்து (உயிரோடு இருக்கும் வரை அனுபவிக்கும் உரிமை) மட்டும், பிறகு ஆண் வாரிசுக்கு முன்னுரிமை என்று இருந்தது. எங்கள் கரையில், தமிழரிடமும் முஸ்லிம்களிடமும், வீடு மகளுக்குச் சீதனமாகப் போவதும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதும்தான் வழமை. அந்த மண்ணில் அரசின் பேர்மிட் மட்டும் மூத்த மகனைத் தேடிப் போனது. இதை மாற்றச் சொல்லி சீடோ குழு ஒரு தடவைக்கு மேல் பரிந்துரைத்தது, பெண்கள் அமைப்புகள் வருடக்கணக்காகக் கத்தின, 2022இல் சட்டம் திருத்தப்பட்டது. குழுவால் மட்டும் நடந்தது என்று சொல்ல மாட்டேன். எத்தனையோ பேர் அமைச்சுப் படிகளில் ஏறி இறங்கியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் ஏறும்போது கையில் அந்தப் பரிந்துரையின் பிரதி இருந்தது. என் மதிப்பீட்டில் அது பயன்படும் விதம் அதுதான்: ஜெனீவாவிலிருந்து யாரும் வந்து செய்து தரமாட்டார்கள், பிரதேச செயலகத்தின் மேசையில் வைப்பதற்கு ஒரு காகிதம் கிடைக்கும்.

அந்த மேசைக்குப் போகும் வழிகள் சில. 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, உங்கள் பிரதேசத்தில் பேர்மிட் காணிகளுக்குப் பெண்கள் எத்தனை பேர் வாரிசாகப் பதியப்பட்டிருக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வரும் பதில் அறிக்கைக்கும் உதவும், அதிகாரிக்கு நீங்கள் கணக்குப் பார்க்கிறீர்கள் என்பதும் தெரிய வரும். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குக் கல்முனையில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. அங்கே கொடுக்கும் முறைப்பாட்டின் இலக்கத்தையும் அறிக்கையில் சேருங்கள். ஆணைக்குழுவும் தன் பங்குக்கு இந்தக் குழுக்களுக்கு எழுதுகிறது.

கடைசியில் நீங்கள் தயங்கித் தயங்கிக் கேட்டிருந்த விடயம்: 'பிரச்சினை வருமா?' வரலாம். சிவில் உடையில் வந்து சங்கத்தின் உறுப்பினர் பட்டியலையும் கூட்டக் குறிப்பையும் கேட்ட அனுபவம் கிழக்கில் அமைப்பு நடத்தும் பலருக்கு உண்டு, எனக்கும் உண்டு. அனுப்பும் அறிக்கைகள் பொதுவாக ஐ.நா. இணையத்தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஏறும். சில குழுக்கள் இரகசியமாக வைக்கச் சம்மதிக்கின்றன, சில சம்மதிப்பதில்லை. அதை அனுப்பும் முன்னரே கேட்க வேண்டும், ஏறிய பிறகு இறக்க முடியாது. பழிவாங்கல் நடந்தால் குழுக்களிடம் அறிவிக்க ஒரு வழி இருக்கிறது, ஆனால் இரவில் வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளை அது தடுக்காது. ஆகவே முடிவை நீங்களும் தலைவரும் மட்டும் எடுக்க வேண்டாம். 27 பேரையும் இருத்தி, எது வெளியே போகும், யாருடைய பெயரில் போகும் என்று வாசித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அவருடைய அட்டை வெளியே போகக் கூடாது.

பேர்மிட் காணி மூன்றையும் பொறுத்தவரை, எழுதத் தொடங்குவதற்கு முன்னர் ஒரு வேலை. மகன் பெயருக்கு மாற்றப்பட்ட திகதி மூன்றிலும் எது என்று பாருங்கள். 2022 திருத்தத்துக்கு முந்தியது என்றால் அது பழைய சட்டம் செய்த அநியாயமாக இருக்கலாம், பிந்தியது என்றால் புதிய சட்டத்தை அலுவலகம் கணக்கில் எடுக்கவில்லை என்ற சந்தேகம் எழும். இரண்டும் இரண்டு வேறு பந்திகள். திகதிகளைப் பதிலில் போடுங்கள், பெயர்களைப் போட வேண்டாம்.